பள்ளிக்கூடத்துக் காலைச் செபமும் வரிசையில் நிற்கும் பிள்ளையும்

யாழ்ப்பாணத்து ஆரம்பப் பாடசாலைகளின் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டு போனாலே பாதி வரலாறு தெரிந்துவிடும். அ.மி.த.க. பாடசாலை என்றால் அமெரிக்கன் மிஷன் தமிழ்க் கலவன் பாடசாலை. றோ.க.த.க. என்றால் றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன் பாடசாலை. மெதடிஸ்த மிஷன் பெயரோடும் பல பலகைகள் நிற்கின்றன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை 1960ஆம் ஆண்டின் முடிவிலிருந்து அரசாங்கப் பாடசாலைகள். ஆசிரியரை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் அரசாங்கம். கரையோரக் கத்தோலிக்க ஊர்களை விட்டுப் பார்த்தால், படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் சைவ வீட்டுப் பிள்ளைகள். ஆனாலும் மிஷன் காலத்து வழக்கம் ஒன்று இன்றுவரை விடாமல் நடக்கிறது. காலை மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்று, கடவுளை நோக்கிச் சில வார்த்தைகளைச் சேர்ந்து சொன்ன பிறகே வகுப்புக்குப் போகிறார்கள். சில இடங்களில் அது பரமண்டல செபம் (இயேசு கற்பித்த, கர்த்தரின் செபம் என்றும் சொல்லப்படும் செபம்), பல இடங்களில் தேவாரம். இரண்டும் அடுத்தடுத்துச் சொல்லப்படும் பாடசாலைகளும் உண்டு.

இந்தச் சில நிமிடங்களைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. மதமாற்றம் பற்றிப் பேசுவோம், எந்தப் பள்ளிக்கூடம் யாருடையது என்று வாதாடுவோம். ஐந்து வயதுப் பிள்ளை தினமும் காலையில் என்ன சொல்கிறது, அதை ஏன் சொல்கிறது, அதைச் சொல்லாத வீட்டிலிருந்து வந்த பிள்ளை அந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று கேட்பது குறைவு. கிறிஸ்தவப் பாடசாலை ஒன்றின் தினசரி வழிபாட்டை எடைபோட வேண்டுமானால், கடைசியாகச் சொன்ன கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். சைவப் பாடசாலைக்கும் அதே கேள்விதான்.

தோம்பிலிருந்து மிஷன் பள்ளிவரை

கிராமத்துப் பிள்ளை பள்ளியில் கிறிஸ்தவ செபம் சொல்வது யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷன் கொண்டுவந்த புதுமை அன்று. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, போர்த்துக்கேயர் விட்டுப்போன கத்தோலிக்கக் கோயில்களைத் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு எடுத்துக்கொண்டு, அவற்றோடு பள்ளிகளை நடத்தினார்கள். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம் இருந்தது. கர்த்தரின் செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை ஆகியவற்றை மனப்பாடமாக ஒப்புவிப்பதே படிப்பில் பெரும் பகுதி. ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் பள்ளி உபாத்தியாயர் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தார். அந்தப் பதிவு இல்லாவிட்டால் சொத்துரிமையில் சிக்கல் வரும் என்பதால் ஊர் முழுக்கப் பதிந்தது. தோம்பின்படி யாழ்ப்பாணம் பெரும்பாலும் கிறிஸ்தவ நாடு. 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றி அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், ஒல்லாந்தர் வளர்த்த அந்தக் கிறிஸ்தவம் சில ஆண்டுகளுக்குள் பெயருக்கும் மிஞ்சாத நிலைக்கு வந்துவிட்டது. சைவக் கோயில்கள் எழுந்தன. நூற்று முப்பது ஆண்டுகள் பிள்ளைகள் தினமும் ஒப்புவித்த செபம் அவர்கள் நெஞ்சுக்குள் இறங்கவே இல்லை. கட்டாயத்தால் வழிபாட்டை வளர்க்கலாம் என்று இன்றும் நம்புகிற அதிபர்கள், அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், இந்தக் காலத்தைப் படிக்க வேண்டும்.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் அந்த இடிபாடுகளுக்குள்ளேதான் குடியேறினார்கள். டானியல் பூர், எட்வர்ட் வாரன் இருவரும் தெல்லிப்பழையிலும், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ் இருவரும் வட்டுக்கோட்டையிலும் பழைய கோயிற்கட்டடங்களைத் திருத்தி வேலையைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக வெஸ்லியன் மிஷன் பட்டினத்துக்கு வந்திருந்தது. 1818இல் சேர்ச் மிஷன் நல்லூருக்கு வந்தது. மூன்று மிஷன்களும் ஊர் ஊராகப் பள்ளி திறந்தன. கட்டணம் இல்லை, தண்டமும் இல்லை. படிப்பு வேண்டுமென்றால் பள்ளிக்கு வரலாம், வந்தால் வேதாகம வாசிப்பும் செபமும் உண்டு.

இந்தக் காலத்தில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது ஒரு சின்ன விவரம். கிறிஸ்தவ ஆசிரியர்கள் போதாமையால், தொடக்க ஆண்டுகளில் அமெரிக்க மிஷனின் கிராமப் பள்ளிகள் பலவற்றில் சைவ வாத்தியார்களே கற்பித்தார்கள். சைவர் ஒருவர் சைவப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ வினாவிடையைச் சொல்லிக்கொடுத்தார். மிஷனரி வந்து ஒப்புவிக்கக் கேட்டார். வாத்தியாருக்குச் சம்பளம், பிள்ளைக்கு எழுத்து, மிஷனரிக்கு அறிக்கையில் எழுத ஒரு தொகை. மூன்று தரப்பும் ஏதோ ஒன்றைப் பெற்றார்கள். ஒப்புவித்த வார்த்தையை யார் நம்பினார் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

விடுதிப் பாடசாலைகளின் கதை வேறு. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை. அங்கே பிள்ளை வீட்டைவிட்டு மிஷன் வளவுக்குள் வாழ்ந்தது, உண்டது, உறங்கியது, செபித்தது. செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. இத்தனை நெருக்கமான வழிபாட்டுச் சூழலில் வளர்ந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை உறுதியான கிறிஸ்தவராக இருந்து 'உதயதாரகை' பத்திரிகையின் ஆசிரியராகத் தமிழ்ப்பணி செய்தார். சார்ள்ஸ் வின்ஸ்லோ என்ற பெயரைச் சுமந்த தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவராகி, சைவராகி, கலித்தொகை போன்ற பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஒரே செப மண்டபத்திலிருந்து வந்த இரண்டு வாழ்க்கை. செமினறியில் படித்தவர்கள் அரச உத்தியோகத்துக்குப் போகிறார்கள், சபைக்கு வருவோர் குறைவு என்று மிஷனின் தலைமையே அதிருப்தியுற்று, 1855இல் செமினறியை மூடியது. தினசரி வழிபாடு மதமாற்றும் இயந்திரம் என்று அஞ்சுவோரும், அது விசுவாசிகளை உறுதியாக உருவாக்கும் என்று நம்புவோரும் அந்த மூடுவிழாவின் காரணத்தைக் கவனிக்கலாம்.

நாவலர் எடுத்ததும் விட்டதும்

ஆறுமுக நாவலர் 1822இல் நல்லூரில் பிறந்தவர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அங்கேயே கற்பித்து, அவருடைய வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றவர். மிஷன் பள்ளியின் காலைப்பொழுது எப்படி இயங்குகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவர். 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

நாவலர் மிஷன் பள்ளியின் சமயத்தை மறுத்தார், அதன் அமைப்பை எடுத்துக்கொண்டார். வகுப்புப் பிரிப்பு, அச்சிட்ட பாலபாடம், குறித்த நேரம், சமயத்தை வினாவிடையாகச் சொல்லிக்கொடுக்கும் முறை எல்லாம் அங்கே வந்தன. "உலகத்துக்குக் கருத்தா யாவர்?" "சிவபெருமான்." அவருடைய சைவ வினாவிடையின் இந்தத் தொடக்கத்தை யாழ்ப்பாணத்தில் பல தலைமுறை ஒப்புவித்திருக்கிறது. அதற்கு முந்திய திண்ணைப் பள்ளியிலும் கடவுள் வணக்கம் இருந்தது. ஏடு தொடக்கும்போதும் பாடம் தொடங்கும்போதும் பிள்ளையாரை வணங்குவார்கள். ஆனால் மணி, வரிசை, எல்லா வகுப்பும் ஒரே குரலில் சொல்லும் செபம் என்ற அமைப்பு மிஷன் பள்ளியோடு வந்தது என்றே நான் கருதுகிறேன். இன்று நாங்கள் "எங்கள் சைவப் பாடசாலையின் பாரம்பரியம்" என்று பெருமையோடு சொல்லும் காலைப் பிரார்த்தனையின் உள்ளடக்கம் திருமுறை, எலும்புக்கூடு மிஷன். இதைச் சொல்வதால் யாருக்கும் குறைவில்லை. ஒரே அமைப்பை இரண்டு சமயங்களும் பயன்படுத்துவதால் அதன் நன்மையும் சங்கடமும் இரண்டுக்கும் பொது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். உதவி நன்கொடை பெறும் பாடசாலை ஏற்கனவே இருக்கும் இடத்துக்கு அருகே புதுப் பாடசாலைக்கு நன்கொடை கிடையாது என்ற காலனி அரசின் தூர விதி, முந்தி வந்த மிஷன்களுக்குச் சாதகமாகவும் பிந்தி வந்த சைவருக்குத் தடையாகவும் இருந்தது. 1888இல் தோன்றிய சைவ பரிபாலன சபையும், 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் (ஊரில் இந்து போர்ட் என்றால்தான் தெரியும்) அந்தத் தடையோடு போராடிச் சைவப் பாடசாலைகளைப் பரப்பின. ஊருக்குள் நடந்தால் ஒரு மூலையில் கிறிஸ்தவக் கீர்த்தனையும் மறு மூலையில் தேவாரமும் கேட்கும் நிலை அப்படித்தான் வந்தது.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெற்ற பாடசாலைகளை அரசின் கைக்குக் கொண்டுபோயின. விலகி நிற்க விரும்பிய பாடசாலை அரச உதவியும் இல்லாமல், கட்டணமும் வாங்காமல் நடக்க வேண்டும். பெயர்பெற்ற சில கல்லூரிகள் அப்படித் தாக்குப் பிடித்தன. யாழ்ப்பாணக் கல்லூரி, சென் ஜோன்ஸ், சுண்டுக்குளி மகளிர், சென் பற்றிக்ஸ், உடுவில் மகளிர் ஆகியவை இன்றும் சபைகளின் கையில் இருக்கின்றன. கிராமத்துச் சின்னப் பாடசாலைகளுக்கு அந்தச் சக்தி ஏது?

1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசாங்கப் பாடசாலையில் அரசு இயற்றிய செபத்தைச் சொல்ல வைப்பது அந்நாட்டு அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு வேதாகம வாசிப்பையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. ஏறக்குறைய அதே நேரத்தில்தான் யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷன் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. இங்கே செபம் நிற்கவில்லை. அதிபர் மாற, ஆசிரியர் மாற, ஊரின் பெரும்பான்மை எதுவோ அந்தச் சமயத்துக்கு அது மெல்ல நகர்ந்தது. பெரும்பாலும் வாய்மொழி வழக்கமாகவே நகர்ந்தது. அதனால்தான் இன்று அதைப் பற்றி ஒரு பெற்றோர் கேள்வி கேட்டால், "அது முந்தியே அப்பிடித்தான்" என்பதுதான் வழக்கமான பதில்.

பாடம் வேறு, வழிபாடு வேறு

இலங்கையின் ஆரம்பக் கல்வியில் தாய்மொழி, கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஆகியவற்றோடு சமயமும் பிரதான பாடம். முதலாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை பிள்ளை தன் சமயத்தையே படிக்கிறது. சைவப் பிள்ளைக்குச் சைவநெறிப் புத்தகம், கத்தோலிக்கப் பிள்ளைக்கும் மற்றைய கிறிஸ்தவப் பிள்ளைக்கும் தனித்தனிப் புத்தகம், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம். எல்லாம் அரச செலவில் அச்சிட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. பல நாடுகள் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு விடயத்தில் இது பெரிய ஏற்பாடு. சமய பாட நேரத்தில் யார் எந்த வகுப்புக்குப் போவது என்பதில் குழப்பமில்லை. ஒரு பாடசாலையில் ஒரேயொரு கிறிஸ்தவப் பிள்ளை இருந்தால் அதற்கு ஆசிரியர் கிடைக்காமல் பின்வாங்கில் இருந்து படம் கீறிக்கொண்டிருக்கும் என்பது வேறு துயரம்.

காலை வழிபாட்டுக்கு அப்படியொரு பிரிப்பு இல்லை. ஒரு மைதானம், ஒரு மணி, ஒரு செபம். பாடத்தை நாடு பிரித்து வைத்துவிட்டது. வழிபாட்டை அதிபரிடமும் ஊர் வழக்கத்திடமும் விட்டுவிட்டது. உண்மையில் இரண்டில் கூடுதல் கவனம் தேவைப்படுவது வழிபாடு. பாடத்தில் பிள்ளை இயேசு சொன்ன கதையைக் கேட்கும், பதில் எழுதும், சரியோ பிழையோ புள்ளி வாங்கும். வழிபாட்டில் பிள்ளை கண்ணை மூடி, கையைக் குவித்து, "எங்கள் பிதாவே" என்று நேராகக் கடவுளோடு பேசுகிறது. ஒன்றில் அறிவு. மற்றதில் தன்னையே கொடுப்பது. ஆறு வயதில் பிள்ளைக்கு இந்த வேறுபாடு தெரியாது. சொல்லச் சொன்னதைச் சொல்லும், பலநாள் சொன்னதை நம்பும். ஆரம்பப் பாடசாலை வழிபாட்டை மேற்பிரிவு வழிபாட்டோடு ஒன்றாக வைத்துப் பேச முடியாததற்குக் காரணம் இதுதான்.

அதற்காக அந்த நேரம் வீண் என்று சொல்ல நான் தயாரில்லை. நன்றாக நடத்தப்படும் ஒரு கிறிஸ்தவ ஆரம்பப் பாடசாலையின் காலையைப் பாருங்கள். மணி ஓய்ந்ததும் முன்னால் நிற்கும் ரீச்சர் சுருதி எடுத்துக் கொடுக்கிறார். கர்நாடக இராகத்தில் அமைந்த கீர்த்தனை ஒன்றின் பல்லவியைப் பிள்ளைகள் பாடுகிறார்கள். ஐந்தாம் தரத்துப் பிள்ளையொன்று வேதாகமத்திலிருந்து நாலைந்து வசனம் வாசிக்கிறது. பெரும்பாலும் மனனமாகவே தெரிந்த பகுதிதான், ஆனாலும் விரலை வரியில் வைத்துத்தான் வாசிக்கிறது. அப்பாவுக்கு ஒப்பரேசன் என்று நேற்று சொன்ன பிள்ளையின் பெயர் செபத்தில் வருகிறது. வரிசையில் நிற்கிற அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்துகிறது. பிறகு பரமண்டல செபம், தேசிய கீதம், நகம் வெட்டாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, வகுப்பு.

இதில் பிள்ளைக்குக் கிடைப்பவை சில்லறையானவை அல்ல. மைக் முன்னால் நின்று தெளிவாக வாசிக்கும் முதல் பழக்கம் பலருக்கு இங்கேதான் வருகிறது. யாழ்ப்பாணத்து மேடைப் பேச்சாளர்கள் எத்தனையோ பேருக்கு அது செபக்கூட்டமோ தேவார வரிசையோதான். நீண்ட வாக்கியங்களையும் பழைய சொற்களையும் ஓசையோடு சொல்லிப் பழகுவதால் மொழி வாயில் ஏறுகிறது. தன் வீட்டுக்கு வெளியே துன்பப்படுகிற இன்னொருவரின் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் நினைப்பது வேறு எந்தப் பாடவேளையிலும் இல்லை. போர் முடிந்த பிறகும் வீட்டில் வெற்றிடம் உள்ள பிள்ளைகள் படிக்கிற ஊரில் இந்த ஒரு நிமிடத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

சபைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. கத்தோலிக்கப் பாடசாலையில் செபங்கள் பெரும்பாலும் வரையறுக்கப்பட்டவை. சிலுவை அடையாளம், அருள் நிறைந்த மரியே, நண்பகலில் மூவேளைச் செபம் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த சொற்கள். வேறு சமயப் பிள்ளை அமைதியாக நின்று கேட்டுக்கொண்டிருக்க அது இடம் தரும். புரட்டஸ்தாந்து மரபில் ஆசிரியர் தன் சொந்த வார்த்தையில் செபிப்பார். அது உயிருள்ள செபம், அதனாலேயே எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. "இந்தப் பிள்ளைகளைப் பாதுகாத்தருளும்" என்பதற்கும் "இந்தப் பிள்ளைகள் எல்லாரும் உம்மையே அறிந்துகொள்ளச் செய்யும்" என்பதற்கும் இடையில் உள்ள தூரம் மிகப் பெரியது. முதலாவதை எந்த வீட்டுப் பெற்றோரும் ஏற்பார்கள். இரண்டாவது, பிள்ளையின் வீட்டையே நோக்கி வைக்கப்படும் வேண்டுதல்.

"எல்லாச் சாமியும் ஒண்டுதானே"

சைவப் பெற்றோர் ஏன் கிறிஸ்தவப் பாடசாலையைத் தேடுகிறார்கள்? ஒழுக்கம், ஆங்கிலம், கட்டடம், பழைய மாணவர் பலம், சிஸ்டர்மாரின் கண்டிப்பு. முதலாம் தர அனுமதிக்கு ஓடித்திரியும் நாட்களில் காலைச் செபத்தைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. கேட்டால், "எல்லாச் சாமியும் ஒண்டுதானே" என்பார்கள். அதில் பொய்யில்லை. மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்கிற, செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிற சைவக் குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். பிள்ளை காலையில் பரமண்டல செபம் சொல்லும், மாலையில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும், இரவு பெரியம்மாவோடு தேவாரம் பாடும். பெரும்பாலான வீடுகளில் இது ஒரு பிரச்சினையாகவே வருவதில்லை.

வரும்போது இப்படித்தான் வரும். சோறு தீத்திக்கொண்டிருக்கும்போது பிள்ளை திடீரென்று கேட்கும்.

"அம்மம்மா, பிள்ளையார் பொய்ச் சாமியோ?"

"ஆர் சொன்னது?"

"ஒரு சாமிதான் உண்மையாம். மற்றதெல்லாம் மனுசர் செய்த சிலையாம்."

அம்மம்மாவிடம் பதில் இருக்கிறது, ஆனால் நாளைக் காலை மைதானத்தில் அவர் நிற்கப்போவதில்லை. பெரியவர்களின் "எல்லாம் ஒன்றுதான்" என்ற தாராளம் ஆறு வயதுப் பிள்ளையிடம் போய்ச் சேராது. பிள்ளைக்கு ரீச்சர் சொன்னது சரி, ஆகவே வீடு பிழை. அல்லது வீடு சரி, ஆகவே ரீச்சர் பிழை. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அதற்கு ஒரு நட்டம்.

இதே பிள்ளையை மறுபக்கம் வைத்துப் பாருங்கள். அரசாங்கப் பாடசாலை, நவராத்திரி. ஒன்பது நாளும் பூசை, அவல், சுண்டல், பஞ்சபுராணம். பெந்தகோஸ்து சபைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை ஒன்று வகுப்பில் இருக்கிறது. "படைச்சதைச் சாப்பிடக்கூடாது" என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். சுண்டலை வாங்காத பிள்ளையை மற்றப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், ஆசிரியரும் பார்க்கிறார். கும்பிடாமல் நின்றதற்காகப் பேச்சு வாங்கும் பிள்ளையும், திருநீற்றோடு வந்ததற்காகக் கேற்றடியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகும் பிள்ளையும் ஒரே நெருக்கடியில்தான் இருக்கிறார்கள். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே அளவு மனம் நொந்திருக்கிறேன். எங்கள் சமயத்துப் பிள்ளைக்கு நடந்தால் அநியாயம், மற்றச் சமயத்துப் பிள்ளைக்கு நடந்தால் பாடசாலைப் பாரம்பரியம் என்று பேசுவதை நாங்கள் விட வேண்டும்.

விலகிப் போகும் உரிமை

லண்டனில் பிள்ளை வளர்க்கும் யாழ்ப்பாணத்தவருக்கு இந்தக் கேள்வி சட்டத்தின் வடிவில் வருகிறது. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரச நிதியில் நடக்கும் பாடசாலைகளில் தினசரிக் கூட்டு வழிபாட்டைக் கட்டாயமாக்கியது. சபை சாராத பாடசாலைகளில் அந்த வழிபாடு முழுமையாகவோ பெரும்பாலுமோ பொதுவான கிறிஸ்தவத் தன்மை உடையதாக இருக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. இன்றும் அதுவே சட்டம். மேற்பிரிவுகளில் பலர் அதைக் கைவிட்டுவிட்டாலும் ஆரம்பப் பாடசாலைகளில் ஏதோ ஒரு வடிவில் தொடர்கிறது. அங்குள்ள ஆரம்பப் பாடசாலைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தது. காரணம் எதுவும் சொல்லாமலே பிள்ளையை வழிபாட்டிலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

அந்த உரிமை பழையது. 1870ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கல்விச் சட்டம், சமய அனுட்டானத்தைப் பள்ளி நேரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோதான் வைக்க வேண்டும் என்றது. விரும்பாத பெற்றோரின் பிள்ளை மற்றப் பாடங்களை இழக்காமல் பிந்தி வரவோ முந்திப் போகவோ முடிய வேண்டும் என்பதே நோக்கம். வழிபாட்டை நாளின் ஓரத்தில் வைத்தது பிள்ளைக்கு வெளியேற ஒரு வாசல் திறந்து வைக்கத்தான். எங்களிடம் வழிபாடு நாளின் தொடக்கத்தில் இருக்கிறது, வாசலை மட்டும் மூடி வைத்திருக்கிறோம். செபத்துக்குப் பிந்தி வந்த பிள்ளை கேற்றுக்கு வெளியே நிற்கும், பெயர் எழுதப்படும்.

வாசல் திறந்திருந்தாலும் அது போதுமா என்ற கேள்வி வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் ஆரம்பப் பாடசாலை ஒன்றிலிருந்து எழுந்தது. சமயப்பற்றில்லாத வீட்டுச் சிறுமி ஒருத்தி பாடசாலையில் பழகிய செபத்தை வீட்டிலும் சாப்பாட்டுக்கு முன் சொல்லத் தொடங்கினாள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அங்கு நடந்த சமயக் கல்வியும் கூட்டு வழிபாடும் பன்முகப் பார்வை இல்லாமல் ஒரு சமயத்தையே உண்மையென்று புகட்டுகின்றன என்று 2022இல் உயர் நீதிமன்றம் கண்டது. விலகும் உரிமை இருப்பதால் உரிமை மீறல் இல்லை என்று 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதை 2025 நவம்பரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பிள்ளையை விலக்குவது பெற்றோர்மீது அநியாயமான சுமை, பிள்ளை தனித்துக் காட்டப்படும், ஆகவே அந்த உரிமை மட்டும் போதாது என்றது. கிறிஸ்தவத்தைப் பாடசாலையிலிருந்து அகற்றச் சொல்லவில்லை. ஒரு சமயத்தை மட்டும் கேள்வியில்லாத உண்மையாகப் புகட்டும் முறையைத்தான் குறை கண்டது.

அரச பாடசாலைகள் நிறைந்த எங்கள் மாவட்டத்தில் "சைவம்" என்று மாற்றி வாசித்தாலும் அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்துகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு, "உனக்கு விருப்பமில்லை என்றால் நீ போய் வகுப்பில் இரு" என்பது உரிமையாகத் தெரியாது. தண்டனையாகத்தான் தெரியும், ஏனென்றால் குழப்படி செய்த பிள்ளையையும் அங்கேதான் அனுப்புகிறார்கள்.

இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை எதிர்ப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. அரச உதவி பெறும் நிறுவனத்தில் படிப்பவர் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குபற்ற வேண்டுமானால் அவருடைய சம்மதம் வேண்டும். சிறுவரானால் பாதுகாவலரின் சம்மதம். விலக விரும்புவோர் எழுதித் தர வேண்டியதில்லை, சேர்க்க விரும்பும் பாடசாலைதான் கேட்க வேண்டும். அதே நாட்டில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கேரள வழக்கு ஒன்று தேசிய கீதம் பற்றியது, ஆனால் எங்கள் மைதானத்துக்கும் உதவும். யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கு எழுந்து மரியாதையாக நின்றார்கள், பாடவில்லை. பாடசாலை விலக்கியது. எழுந்து நிற்பதே மரியாதை, மனச்சாட்சிக்கு விரோதமாகப் பாட வைக்க முடியாது என்று நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமய சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்கிறது. 1991இல் நாடு ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை அதே சுதந்திரத்தைப் பிள்ளைக்கும் தருகிறது. பிள்ளையின் வளர்ச்சிக்கேற்ப வழிகாட்டும் உரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது. ரீச்சருக்கும் அதிபருக்கும் அந்த உரிமை பெற்றோர் வழியாகத்தான் வர முடியும்.

என்ன செய்யலாம்

சபை நடத்தும் பாடசாலைக்குத் தன் வழிபாட்டை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. அது கிறிஸ்தவப் பாடசாலை, அங்கே கிறிஸ்தவ செபம் இருக்கும். அதைப் பொதுவான நல்லொழுக்கப் பேச்சாக நீர்த்துப்போகச் செய்வது கிறிஸ்தவப் பிள்ளைக்கு நட்டம், சைவப் பிள்ளைக்கும் பெரிய இலாபமில்லை. கேட்க வேண்டியது நேர்மை. அனுமதி நேர்முகத்தில் அதிபரோ மதரோ பெற்றோரிடம், எங்கள் காலை இப்படி நடக்கும், இன்ன செபம் சொல்வோம், உங்கள் பிள்ளை சொல்லலாமா, நின்று கேட்டால் போதுமா என்று கேட்கலாம். பெற்றோர் சொன்ன பதில் வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல பெற்றோர் "சொல்லட்டும், நல்லதுதானே" என்றே சொல்வார்கள். அது கேட்டுப் பெற்ற சம்மதம், கேட்காமல் எடுத்துக்கொண்டது அல்ல.

மைதானத்தில், நிற்பதையும் சொல்வதையும் கும்பிடுவதையும் தனித்தனியாகப் பார்க்க ஆசிரியர்கள் பழக வேண்டும். எல்லாப் பிள்ளையும் நிற்கலாம், அமைதி காக்கலாம். அது மரியாதை. வாயைத் திறப்பதும் கையைக் குவிப்பதும் வீட்டைப் பொறுத்தது. எந்தப் பிள்ளை உதட்டை அசைக்கவில்லை என்று மாணவத் தலைவர்களை வைத்துப் பார்க்கும் வழக்கம் எங்காவது இருந்தால் அது இன்றே நிற்க வேண்டும். வேறு சமயப் பிள்ளையை வெளியே அனுப்பாமல் வரிசையிலேயே வைத்திருப்பது நல்லது, ஆனால் செபத்தை முன்னின்று சொல்ல அதை அழைக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்குத் திருக்குறள் சொல்லவோ செய்தி வாசிக்கவோ முறை கொடுத்தால் மைக் முன்னால் நிற்கும் பயிற்சியும் கிடைக்கும், கூச்சமும் வராது. திருநீறும் பொட்டும் சிலுவைச் சங்கிலியும் சீருடை விதிக்குள் வரும் விடயங்களே இல்லை.

சொந்த வார்த்தையில் செபிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்பேன். உங்கள் முன்னால் நிற்கும் பிள்ளைகளின் பெற்றோரும் பின்வரிசையில் நின்று கேட்கிறார்கள் என்று எண்ணிச் செபியுங்கள். அரசாங்கப் பாடசாலை அதிபர்களிடமும் இதையேதான் கேட்பேன், கூடுதல் அழுத்தத்தோடு. சபைப் பாடசாலையைப் பெற்றோர் தேர்ந்தெடுத்து வருகிறார்கள், ஊர்ப் பாடசாலைக்கோ வேறு வழியில்லாமல் வருகிறார்கள். அங்கே நாலு கிறிஸ்தவப் பிள்ளைகள் இருந்தால் கிழமையில் ஒரு நாள் அவர்களுடைய செபமும் ஒலிக்கட்டும். ஒரேயொரு பிள்ளைதான் என்றால் அதன் அம்மாவைக் கூப்பிட்டு என்ன விருப்பம் என்று கேளுங்கள். முஸ்லிம் குடும்பங்கள் 1990இல் வெளியேற்றப்பட்டு, ஆண்டுகள் கழித்துத் திரும்பிய ஒரு பட்டினத்தில் இப்படிக் கேட்பது இன்னும் அவசியம்.

இதற்குப் புதுச் சட்டமோ சுற்றறிக்கையோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் முதலாவது ஆசிரியர் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, முதலாம் தரத்தில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து வைத்து, ஒவ்வொரு வீட்டோடும் யார் பேசுவது என்று பிரித்துக்கொண்டால் வேலை தொடங்கிவிடும்.